வீட்டில் படித்த கணக்கு: எண்சுவடியில் இருந்து திறந்தநிலைப் பள்ளி வரை

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். தமிழ், ஆங்கிலம், அறிவியல் எல்லாம் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வயது வந்ததும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. கணக்குக்கு எந்தப் பாடத்திட்டம்? மாநிலப் பாடப் புத்தகமா, சி.பி.எஸ்.இ.யா, திறந்தநிலைப் பள்ளியா, இல்லை வெளிநாட்டுப் பாடத்திட்டமா?

பார்ப்பதற்கு இது புதிய காலத்துப் பிரச்சினை போலத் தோன்றும். ஆனால் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி தமிழ்நாட்டில் குறைந்தது 200 வருடப் பழமையானது. அதிலும் செய்யாறு, ஆரணி போன்ற பட்டு நெசவுப் பகுதிகளில் "வீட்டில் படிப்பது" என்ற சொல்லுக்கே வேறு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்து கொண்டால் இன்றைய கேள்விக்கும் பாதி விடை கிடைத்து விடும்.

ஓத்தூர் என்ற ஊர்

செய்யாறு (பேச்சு வழக்கில் செய்யார்) இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989-க்கு முன்பு இது பழைய வட ஆர்க்காடு மாவட்டம். பாலாற்றில் போய்ச் சேரும் செய்யாற்றின் பெயர்தான் ஊருக்கும். தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் திருவோத்தூர். "ஓத்து" என்றால் வேதம், ஓதப்படுவது என்று பொருள். வாயால் சொல்லி, காதால் கேட்டு, மனதில் பதிய வைக்கும் படிப்புதான் ஓத்து. ஆண் பனையைப் பெண் பனையாக்கிய திருஞானசம்பந்தர் கதையும் இந்த ஊருக்கு உரியது. பழைய தமிழ்நாட்டுக் கல்விக்குத் தேவைப்பட்ட இரண்டு பொருள்களும், அதாவது ஓதுதலும் பனையும், இந்த ஒரே ஊரின் கதையில் இருப்பது ஆச்சரியம்தான்!

பழைய கணக்குப் படிப்பும் ஓதல்தான். பனை ஓலையில் எழுதிய கணக்கு வாய்ப்பாட்டுக்கு எண்சுவடி என்று பெயர்.

1822-ல் எடுத்த கணக்கு

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, யார் யார் படிக்கிறார்கள் என்று கலெக்டர்கள் எழுதி அனுப்ப வேண்டும் என்பதே அந்த உத்தரவு. விவரங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு 1826-ல் மன்றோ தன் குறிப்பை எழுதினார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அதில் இருக்கிறது. பிற்காலத்தில் தரம்பால் 1983-ல் வெளியிட்ட நூலில் இந்த ஆவணங்களைத் தொகுத்துக் கொடுத்தார்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. சென்னை நகரத்தில் பள்ளிக்குப் போய்ப் படித்தவர்கள் சுமார் 5,500 பேர். வீட்டிலேயே பாடம் கேட்டவர்கள் 26 ஆயிரத்துக்கும் மேல்! கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இந்த எண்ணிக்கையில் தவறு இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டில் படிப்பவர்கள் ஏராளம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆக, வீட்டுக் கல்வி என்பது அமெரிக்காவில் இருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைப்பது சரியல்ல.

எண்சுவடியில் என்ன இருந்தது?

திண்ணைப் பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி, சொல்லிக் கொடுத்த கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் மணலில் விரலால் எழுதிப் பழக வேண்டும். பிறகு ஓலையும் எழுத்தாணியும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பாடம் ஏறிக் கொண்டே போகும். பொன்னிலக்கம் பணத்துக்கும் எடைக்கும். நெல்லிலக்கம் படி, மரக்கால், கலம் போன்ற முகத்தல் அளவுகளுக்கு. எண்சுவடியில் முழு எண் வாய்ப்பாடுகளோடு பின்ன வாய்ப்பாடுகளும் இருந்தன. பரப்பளவு காண்பதற்குக் குழிமாத்து என்று தனி வாய்ப்பாடு.

பின்னங்கள்தான் இதில் விசேஷம். அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் குறியும் உண்டு. முந்திரியை மறுபடியும் 320-ஆகப் பங்கு போட்டால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-ல் ஒரு பங்கு. இன்றைக்குப் பத்தாம் வகுப்பு மாணவனிடம் "காணியை மாவால் பெருக்கு" என்று சொன்னால் தாளும் பேனாவும் தேடுவான். அன்றைய பத்து வயதுப் பையன் வாயாலேயே சொல்லி விடுவான்: 1/1600, அதாவது முந்திரியில் ஐந்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? நிலத்துக்கு வரி போட வேண்டும், விளைந்த நெல்லைப் பங்கு பிரிக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், வட்டி பார்க்க வேண்டும். இந்த வேலைகளைச் செய்ய ஊருக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். எண்சுவடி உருவாக்கியது அந்தக் கணக்குப்பிள்ளையை. காரிநாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அதற்கு அடுத்த படி. அவற்றில் நில அளவு, பொன், நெல் ஆகியவற்றோடு புதிர்க் கணக்குகளும் உண்டு.

ஆனால் இதைப் பொற்காலம் என்று புகழ்ந்து விட்டுப் போக முடியாது. 1820-களின் அறிக்கைகளில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் திண்ணை எட்டாத இடம். தவறாக ஒப்பித்தால் பிரம்படி வேறு. வீட்டில் ஆசிரியரை வைத்துப் படித்தவர்கள் அதற்கு வசதி உள்ளவர்கள். இது மனதில் இருக்கட்டும், பிறகு தேவைப்படும்.

தேர்வு வந்தது, கணக்கு மாறியது

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதித் தேறினால் அரசு வேலை, கல்லூரி. அந்தத் தேர்வில் வீசமும் காணியும் கேட்கவில்லை. யூக்ளிடின் வடிவியலும் அல்ஜீப்ராவும் கேட்டார்கள். எண்சுவடியைக் கரைத்துக் குடித்த பையனுக்கு அந்தத் தேர்வில் பெரிய பலன் இல்லை. எண்சுவடி ஒரே நாளில் மறைந்து விடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் அச்சுப் புத்தகமாகக் கடைகளில் விற்றது. ஆனால் அது திறந்து விட்ட வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

கடைசி அடி 1950-களில் விழுந்தது. 1956-ல் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்தது. அதுவரை வீசம் என்பது வெறும் பின்னம் அல்ல. ஒரு ரூபாயில் வீசம்தான் ஓரணா! பதினாறு போய் நூறு வந்ததும் அந்த வாய்ப்பாட்டுக்குச் சந்தையிலும் வேலை இல்லாமல் போயிற்று.

இந்த மாற்றத்தின் நடுவில் வந்தவர்தான் ராமானுஜன் (1887-1920). அவர் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி மாணவர் என்றாலும் அவரைக் கணிதமேதை ஆக்கிய படிப்பு பெரும்பாலும் வீட்டில் நடந்தது. கல்லூரி மாணவரிடம் இரவல் வாங்கிய லோனியின் முக்கோணவியல் புத்தகத்தைப் பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே முடித்தார். 1903 வாக்கில் அவர் கைக்கு கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் வந்தது. சுமார் 5,000 முடிவுகள் வரிசையாக, பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் இருக்கும் புத்தகம் அது. கார் பெரிய ஆராய்ச்சியாளர் அல்ல, இங்கிலாந்தில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த டியூஷன் ஆசிரியர். ஒரு வகையில் பார்த்தால் இதுவும் ஓர் எண்சுவடிதான்!

அந்தப் புத்தகம் ராமானுஜனுக்கு என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நிரூபணம் இல்லாத இடங்களை அவரே நிரப்பினார், பிறகு அவரும் நிரூபணம் எழுதாமல் முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1907-ல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. உலகமே வியந்த கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறக்க அது போதவில்லை. 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போது அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. வீட்டில் ஆழமாகப் படிப்பது ஒன்று, அந்தப் படிப்பை வெளியே ஒப்புக்கொள்ள வைப்பது இன்னொன்று. இரண்டும் தானாகச் சேர்ந்து வராது.

தறி வீட்டில் படித்த கணக்கு

இப்போது செய்யாறு, ஆரணிப் பக்கம் திரும்பலாம். இங்கே ஒரு நெசவாளர் வீட்டில் கணக்கு இல்லாமல் ஒரு சேலையும் இறங்காது. அங்குலத்துக்கு இத்தனை இழை என்றால் முழு அகலப் பாவுக்கு எத்தனை இழை? ஐந்தரை மீட்டர் சேலையில் 22 செ.மீ.க்கு ஒரு புட்டா வைத்தால் எத்தனை வரிசை? (550-ஐ 22-ஆல் வகுத்தால் 25.) கரைக்கு எவ்வளவு ஜரிகை, முந்திக்கு எவ்வளவு? முன்பணத்தில் கழித்தது போகக் கூலி எவ்வளவு? இவை விகிதம், வகுத்தல், பரப்பளவு, வட்டி எல்லாம் சேர்ந்த கணக்குகள். பள்ளிக்கூடமே போகாதவர்கள் இவற்றை மனக்கணக்காகப் போடுவார்கள். இதைத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி என்னவென்றால், ஒரு பிள்ளைக்கு அது மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியை அரசாங்கமே 1953-ல் எழுப்பியது. முதலமைச்சர் ராஜாஜி அந்த ஆண்டு ஜூன் மாதம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருப்பார்கள். ஒரு கூட்டம் காலையில், இன்னொரு கூட்டம் பிற்பகலில். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலை வீட்டில் கற்றுக் கொள்ள வேண்டும். இருக்கிற ஆசிரியர்களை வைத்தே அதிகப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு வரலாம், கைத்தொழிலும் வளரும் என்பது அரசின் வாதம். பணம் இல்லாத மாகாணத்தில் அந்த வாதத்துக்கும் ஓரளவு நியாயம் இருந்தது.

ஆனால் எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் "குலக்கல்வித் திட்டம்". பெரியாரும் திராவிடர் கழகமும் எதிர்த்தார்கள். தி.மு.க. 1953-ல் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. காங்கிரசுக்கு உள்ளேயும் எதிர்ப்பு. நெசவாளர் பிள்ளை தறியில், குயவர் பிள்ளை சக்கரத்தில், அதிகாரி வீட்டுப் பிள்ளை மட்டும் புத்தகத்தில் என்றால் அது எப்படிச் சமமாகும் என்பதே கேள்வி. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

அந்தத் திட்டமும் ஒரு வகையில் வீட்டுக் கல்விதான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வசதி உள்ள வீட்டில் "வீட்டில் படிப்பது" என்றால் புத்தகமும் ஆசிரியரும். தறி உள்ள வீட்டில் "வீட்டில் படிப்பது" என்றால் தறி. சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு.

திட்டம் போனாலும் தறியில் பிள்ளைகள் உட்காருவது நின்று விடவில்லை. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிற்கூடங்களுக்கு விலக்கு அளித்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் உட்பட இந்தியப் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்காகக் கொத்தடிமையாக வேலை செய்த பிள்ளைகளைப் பற்றியது. 2016-ல் வந்த திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எல்லா வேலைகளிலும் தடை செய்தது. அதிலும் பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்ற விலக்கு இருக்கிறது. வீட்டின் உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதுதான் எப்போதும் சிக்கல். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளிக் கல்வியை உரிமை ஆக்கியதன் அவசியம் இப்படிப்பட்ட ஊர்களில் நன்றாகப் புரியும்.

இன்றைய நான்கு வழிகள்

14 வயதுக்குப் பிறகு வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு இன்று என்ன வழிகள் உண்டு?

முதலாவது மாநிலப் பாடத்திட்டம். மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த பாடங்கள் 2010, 2011-ல் சமச்சீர் கல்வியாக ஒன்றாயின. பிறகு 2018-19 முதல் புதிய புத்தகங்கள் வந்தன. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வழி இருக்கிறது. பள்ளிக்கே போகாதவர்கள் அதற்கு முன்பு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டியிருக்கும். கணக்கு கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்புக் கணக்கில் உறவுகளும் சார்புகளும், அணிகள் போன்றவை கூட உண்டு. புத்தகத்தை இணையத்தில் இலவசமாக, தமிழிலேயே எடுத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது சி.பி.எஸ்.இ. என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகங்கள் விளக்கத்துக்குப் பெயர் பெற்றவை, இவையும் இலவசம். ஆனால் பள்ளியில் சேராத தமிழ்நாட்டு மாணவர் நேரடியாக இந்தத் தேர்வை எழுதுவது பொதுவாக முடியாது. படிக்கலாம், சான்றிதழுக்கு வேறு இடம் தேட வேண்டும்.

மூன்றாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979-ல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1989-ல் தனி நிறுவனமாகி, 2002-ல் இன்றைய பெயரைப் பெற்றது. 14 வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். இதன் கணக்கில் வணிகக் கணிதம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. சதவீதம், வட்டி, தவணை முறை... எண்சுவடியின் பேரன் என்று சொல்லலாம்!

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயம். திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். கணக்கு கட்டாயம் இல்லை. கணக்கு பிடிக்காத பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. அதே சமயம் 14 வயதில் விட்ட கணக்கை 16 வயதில் மறுபடி பிடிப்பது எளிதல்ல. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு 2007-ல் இருந்து இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்துத்தான் தரவரிசை. 200-க்குப் போடும் அந்தக் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100!

நான்காவது கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு மையம் கிடைத்தால் தனியாக எழுதலாம், கட்டணம் அதிகம். கணக்கில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு நிலைகள். கோர் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. சி.பி.எஸ்.இ.யும் 2020 தேர்வில் இருந்து பத்தாம் வகுப்புக் கணக்கை பேசிக், ஸ்டாண்டர்ட் என்று இரண்டாகப் பிரித்தது. எளிய நிலையைத் தேர்ந்தெடுப்பது தவறு இல்லை. அதன் எல்லை என்ன என்று தெரியாமல் தேர்ந்தெடுப்பதுதான் தவறு.

வரலாறு சொல்வது

எண்சுவடி நல்ல பாடத்திட்டமா? கணக்குப்பிள்ளை ஆவதற்கு மிக நல்லது, மெட்ரிகுலேஷனுக்கு உதவாது. காரின் புத்தகம் நல்லதா? ராமானுஜனுக்கு அமுதம், எஃப்.ஏ. தேர்வுக்கு அது போதவில்லை. தறிக் கணக்கு நல்லதா? சேலைக்குக் கச்சிதம், சேலையைத் தாண்டிப் போக நினைக்கும் பிள்ளைக்குப் போதாது. ஆகவே "எது சிறந்த கணக்குப் பாடத்திட்டம்?" என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. "இந்தக் கணக்கைப் படித்தால் 18 வயதில் எந்தெந்த இடத்துக்குப் போக முடியும், எந்த இடத்துக்குப் போக முடியாது?" என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெற்றோர் உள்ள வீட்டில், எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பிள்ளை பிழைத்துக் கொள்ளும். ஒன்று சரிப்படவில்லை என்றால் இன்னொன்று வாங்குவார்கள், டியூஷன் வைப்பார்கள், ஒரு வருடம் போனாலும் தாங்குவார்கள். தறியை நம்பி இருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு வருடம் கூடக் கிடையாது. அங்கே பத்தாம் வகுப்பில் கணக்கு கைவிட்டுப் போனால் அடுத்த இடம் தறிப் பலகைதான். அதனால்தான் குறைகள் எவ்வளவு இருந்தாலும், எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கட்டாயமாகச் சொல்லித் தரும் அரசுப் பள்ளியை இந்தப் பகுதி மக்கள் விட்டுக் கொடுக்க முடியாது.

வீட்டில் படிக்க வைக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் படிக்க வைக்கலாம். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுக்கலாம், இரண்டு மூன்றைச் சேர்த்தும் படிக்கலாம். புட்டா வரிசையை வைத்து வகுத்தலும், கூலிக் கணக்கை வைத்து வட்டியும் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் எந்தத் தேர்வை எழுதப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்து விட வேண்டும். கணக்கை எளிதாக்கலாம், மெதுவாக்கலாம். வேண்டாம் என்று விடும் முடிவை மட்டும் பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வரை தள்ளிப் போடுவதே நல்லது. 14 வயதுப் பிள்ளைக்குத் தான் எங்கே போகப் போகிறோம் என்பது இன்னும் தெரியாது.